கீரிக்குப் பத்து வருடம்

ஏப்ரல் 2, சனி

மழை விட்டது. காலை முழுக்க வளவு துப்பரவாக்கல். கையெல்லாம் முள், நகத்துக்குள் கரி, தலைமயிரில் புகை மணம். நான் மூட்டிய நெருப்பு அப்பா மூட்டியதைவிடப் பெரிது. இதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே இங்கே பதிவு செய்கிறேன்.

காரணம் அம்மா. வியாழக்கிழமை உடுப்புக் காயப்போடப் போனவ, போன வேகத்திலேயே திரும்பி வந்தா. வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் பட்ட கொப்புகளை யாரோ மலைபோலக் குவித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கற்குவியல். அதற்குள்ளிருந்து ஒன்று எட்டிப் பார்த்ததாம். பாதி வெள்ளை, பாதி மண்ணிறம், நீள உடம்பு.

"எலியப்பா! பூனையளவு எலி. எலி இருந்தா அதைத் தேடிப் பாம்பு வரும். பிள்ளையை வச்சுக்கொண்டு இதுக்குள்ள இருக்கேலுமே?"

பிள்ளை என்றால் நான். பதினைந்து வயதுப் பிள்ளை. பாம்புதான் பயப்பட வேண்டும்.

ஜனவரியில் நாங்கள் இங்கே குடிவந்தபோது எல்லாவற்றையும் பனி மூடியிருந்தது. வெள்ளைவெளேர் என்று வடிவான வளவு. பனி உருகியதும் பார்த்தால் ஆளில்லாத காணி மாதிரிக் கிடக்கிறது. வருடப்பிறப்பு வேறு வருகிறது. வளவு கூட்டாமல் அம்மாவுக்கு வருடம் பிறக்காது. சித்திரை வாசலில் நின்று காத்துக்கொண்டிருக்கும்.

வீட்டுக்காரர் ஹெர் ஃபுக்ஸ். ஹெர் என்றால் திரு, ஃபுக்ஸ் என்றால் நரி. ஆகவே இந்தக் கொப்பியில் நரியார். வயலும் கோழியும் வைத்திருக்கும் கமக்காரர், மனைவி இல்லை, இடுப்புச் சத்திரசிகிச்சைக்கு ஆராவ் ஆஸ்பத்திரியில். செவ்வாய் வருகிறார்.

அப்பா: "பாவம், தனி மனுசன். வந்து பாக்கேக்க சந்தோசப்படட்டும்."

செய்தவை: கொப்புக்குவியல் எரித்தாச்சு. கற்கள் அம்மாவின் வெந்தயப் பாத்திக்கு வரம்பாச்சு. அரையாள் உயரத்துக்கு நின்ற போன வருடத்துக் காய்ந்த புல், போச்சு. ஓடை ஓரமாக இலையே இல்லாமல் செத்த முள்ளுத் தடிகள் ஒரே வரிசையில் நின்றன. அப்பா அடியோடு, சரிவு சரிவாக, ஒரே வெட்டு. வெட்டிக்கொண்டே ஒரு பகிடி விட்டார்.

"பார் வாணி, இந்த நாட்டில முள்ளுக்கூட லைனில நிண்டுதான் முளைக்குது."

நல்லாய்ச் சிரித்தோம்.

பக்கத்துக் கமக்காரர் டிராக்டரில் போனவர் நிறுத்திப் பார்த்தார். "யெஸ்ஸஸ்!" என்றார். போய்விட்டார். நான் கைகாட்டினேன்.

அம்மா: "என்னவாம்?"

"யேசுவைக் கூப்பிடுறார் அம்மா. எங்கட வேலையைப் பாத்துப் பரவசம்."

ஏப்ரல் 3, ஞாயிறு

ஈஸ்டர். கோயில் மணி ஓயவில்லை. சொக்லேட் முயலின் உட்பக்கத்தைத் தின்றுவிட்டு வெள்ளித்தாளை ஊதி, உருவம் கெடாமல் திரும்ப வைத்தேன். அம்மா இரவுவரை அதை முயல் என்றே நம்பிக்கொண்டிருந்தா.

யன்னலால் பார்த்தேன். வளவு பளிச். நாங்கள் மேல்மாடி, இரண்டு அறை. சொந்தக் குசினி. வாசல் கதவுக்குச் சொந்தத் திறப்பு, அதுவும் எனக்கென்று தனியாக ஒன்று. முன்பு இருந்த அகதி விடுதியில் ஒரே அறைக்குள் இரண்டு குடும்பம், நடுவில் போர்வை. குசினிக்கு முறை. போர்வைக்கு அந்தப் பக்கத்து அங்கிள் குறட்டை விடும் நேரத்தை வைத்து நான் மணி சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வராது.

இங்கே வந்த முதல்நாள் அப்பா செய்த முதல் வேலை, தபால்பெட்டியில் பெயர் ஒட்டியது. துண்டுக் கடதாசி, தெளிந்த எழுத்து, மேலால் செலோடேப். KANAGASABAPATHY. ஒரு எழுத்துக்கூட விடவில்லை.

ஏப்ரல் 5, செவ்வாய்

மத்தியானம் நரியார் டாக்சியில் வந்து இறங்கினார். இரண்டு ஊன்றுகோல். அம்மா காலையிலிருந்து வடை சுட்டு வைத்திருந்தா. அப்பா வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு நின்றார். மூன்று பேரும் வரிசையில், மாலை மட்டும்தான் குறை.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஓடைப்பக்கம் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு கத்தத் தொடங்கினார்.

அப்பா இங்கே ரெஸ்ட்டோரண்டில் கோப்பை கழுவுகிறவர். சமையல்காரர் கத்துவதைக் கேட்டுப் பழகிய முகம் அவருக்கு உண்டு. அந்த முகத்தைப் போட்டுக்கொண்டார். "என்ன பிள்ளை சொல்லுறார்?"

"பொறுங்கோ அப்பா. அவர் மூச்சு விட்டாப் பிறகு சொல்லுறன்."

நரியார் சொன்னதன் சாரம்: அது குப்பை இல்லை, வீடு. ஹெர்மெலினின் வீடு.

நான் மரியாதையாகத்தான் கேட்டேன். "ஹெர்மெலின் யார்? உங்கட பழைய வாடகைக்காரரோ?"

இன்னும் பெரிதாகக் கத்தினார். ஹெர்மெலின் என்பது ஒரு பிராணியாம். பார்க்க எங்கள் ஊர்க் கீரி மாதிரி, குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும், வயல் எலி பிடிக்கும். அம்மா கண்ட "எலி"! அது குடியிருக்கக் கற்குவியல், குட்டி போடக் கொப்புக்குவியல், ஒளித்து ஓட வெட்டாத புல், பறவைக்கும் அதற்கும் சேர்த்து முள்ளுச்செடி வேலி. கன்டோன், அதாவது மாகாண, அரசாங்கத்தோடு ஒப்பந்தம். செலவில் பாதி கன்டோன், பாதி அவர். தன் பாதியை அவர் காசாகக் கொடுக்கவில்லை, உடம்பால் செய்தார். நவம்பரில், இந்த இடுப்போடு, ஒவ்வொரு கன்றாகக் குழி வெட்டி நட்டது. பத்து வருடத்துக்கு யாரும் கைவைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கன்டோனிலிருந்து பார்க்க வருகிறார்கள்.

அப்பா வெட்டியது செத்த முள் இல்லை. நித்திரை கொண்ட முள். குளிர்காலத்தில் இங்கே எல்லாமே செத்த மாதிரித்தான் நிற்கும். எங்களுக்கு யார் சொன்னது?

மொழிபெயர்த்தேன். அம்மா வடைத் தட்டை நிலத்தில் வைத்துவிட்டா. அப்பா இரண்டு கையையும் சேர்த்து, "சொறி, ஹெர் ஃபுக்ஸ், சொறி."

நரியார்: "மாசக் கடைசியில வெளியில. நான் கெமைண்டேக்குப் போன் பண்ணுவன். அவை உங்களைத் திரும்ப விடுதிக்கு எடுக்கட்டும்."

கெமைண்டே என்றால் ஊராட்சிக் கந்தோர். எங்களை இங்கே அனுப்பியதும் அவர்கள்தான்.

போகும் வழியில் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தபால்பெட்டியில் இருந்த அப்பாவின் பெயரை உரித்தார். செலோடேப் லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி உரித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஏப்ரல் 6, புதன்

குளிர். மழை இல்லை. கோபம்.

வேறு எதுவும் எழுத வரவில்லை. இல்லை, வருகிறது.

நரியார் மேல்: ஜனவரியிலிருந்து அந்த வாயில் வந்தது ஒரு "க்ரூயெட்ஸி" வணக்கம் மட்டும். காலை ஒன்று, மாலை ஒன்று. அது ஒரு வீடு என்று ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் அம்மா அதற்கும் சேர்த்து விளக்கு வைத்திருப்பா.

அப்பா மேல்: அந்தச் "சொறி". ஒன்று போதாதா? நான் எண்ணவில்லை, எண்ணினால் இன்னும் கோபம் வரும்.

"அப்பா, உங்களுக்குக் கோபமே வராதோ?"

"அந்தாள் எங்களுக்கு வீடு தந்த மனுசன்."

"தரேல்லை. வாடகைக்கு விட்டவர்."

"வாயை மூடு, வாணி."

மூடினேன். கொப்பியைத் திறந்தேன்.

என் மேலும்: இந்த நாட்டில் மூன்று வருடப் பள்ளிக்கூடம். வகுப்பில் டீச்சரின் நடையை அப்படியே நடந்து காட்டுவேன், அவரின் குரலில் அவருக்கே விடை சொல்வேன். டிராக்டர்க்காரர் "யெஸ்ஸஸ்" என்றபோது "ஏன்?" என்று கேட்கமட்டும் நாக்கு வளையவில்லை. கைகாட்டினேனாம், கை.

எல்லாவற்றுக்கும் மேலே கீரி மேல்.

அரசாங்கம் ஒரு கீரிக்கு வீடு கட்டப் பாதிச் செலவு கொடுக்கிறது. பத்து வருடம் யாரும் கைவைக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது. எங்கள் அனுமதிப் பத்திரம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் அப்பா வெள்ளைச் சேர்ட், அம்மாவுக்கு வயிற்றுவலி. கீரி எந்தக் கந்தோரில் போய் நேர்முகம் கொடுத்தது? ஏன் வந்தாய், எந்த வழியால் வந்தாய், யாருக்குப் பயந்து வந்தாய் என்று அதை யார் கேட்டது? அது தன் பெயரைத் தபால்பெட்டியில் ஒட்டியதா, யாராவது நகத்தால் சுரண்ட?

அம்மா ஏற்கெனவே பெட்டிகளைக் கட்டிலுக்குக் கீழேயிருந்து எடுத்துத் துடைக்கிறா. துடைத்த பெட்டியையே திரும்பத் துடைக்கிறா.

ஏப்ரல் 7, வியாழன்

அம்மாவின் வடைத்தட்டு கழுவித் துடைத்துப் படிக்கட்டில் இருந்தது. ஒரு சொல் இல்லை. தின்றாரா, கோழிக்குப் போட்டாரா? கோழிகளை உற்றுப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு ஒரு திட்டம். நாளைக்குத்தானே வருகிறார்கள்? காட்டு ஓரத்தில் முள்ளுக் கொப்புகளை முறித்துக்கொண்டு வந்து, வெட்டின அடிக்கட்டைகளுக்குப் பக்கத்தில் குத்தினேன். வரிசை தவறாமல். தூரத்தில் நின்று பார்த்தால் அச்சு அசல் வேலி. வெந்தயப் பாத்தியிலிருந்து கல் திருடிக் குவித்தேன். கீரிக்குப் பதில் என் பழைய மப்ளரைச் சுருட்டி ஒரு பொந்தில் வைத்தேன், வால் தெரிய.

அப்பா வேலைக்கு வெளிக்கிட்டு வந்தவர் கண்டுவிட்டார். வேலைக்குப் போடும் சப்பாத்தோடேயே சேற்றுக்குள் இறங்கினார். கொப்பு ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"அப்பா, அவைக்குத் தெரியாது. பத்து நிமிசம் பாத்திட்டுப் போவினம்."

"எனக்குத் தெரியுமெல்லோ."

"அப்ப விடுதிக்குப் போவம், என்ன? திரும்பப் போர்வை கட்டுவம்!"

அவர் நிமிர்ந்தார். நான் அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. மப்ளரை எடுத்துச் சேறு தட்டி என் கழுத்தில் போட்டார்.

"குளிருது. உள்ள போ."

பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு நடந்தே போனார். சேற்றுச் சப்பாத்தோடு.

ஏப்ரல் 8, வெள்ளி

வந்தது ஒரு பெண். ஃப்ராவ் மோசர். முழங்கால்வரை றப்பர் சப்பாத்து, பச்சைத் தொப்பி. நரியார் ஊன்றுகோலோடு பின்னால். இருவரும் ஓடைப்பக்கம் போனார்கள். அப்பா தூரத்தில் வெள்ளைச் சேர்ட்டோடு. நான் அப்பாவின் நாக்காக, பக்கத்தில்.

நரியார் எங்களைக் காட்டிச் சொன்னது முழுவதும் கேட்டது. "இந்தத் தமிழர்கள்" என்றார். எங்கள் பெயர் அவருக்கு வாயில் வராது.

ஃப்ராவ் மோசர் குந்தினார். வெட்டின ஒரு கட்டையின் தோலை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை. அடுத்த கட்டை. அதுவும் பச்சை. சிரித்தார்.

"ஹெர் ஃபுக்ஸ், இதை நட்ட உடனேயே நீங்கள்தான் இப்படிக் குட்டையா வெட்டியிருக்க வேணும். நான் சொன்னனான், நீங்கள் மனமில்லாமல் விட்டிட்டீங்கள். இப்ப அடியிலயிருந்து அடர்த்தியா வெடிக்கும். ஆர் வெட்டினது? சரிவா, வடிவா வெட்டியிருக்கு."

நான் அப்பாவுக்குச் சொன்னேன். சொல்லும்போது பல்லெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், அப்பா முறைத்தார்.

ஆனால் குவியல்கள் இரண்டும் திரும்ப வேண்டும். குட்டி போடும் காலம் நெருங்குகிறது. மாத முடிவுக்குள் இல்லையென்றால் ஒப்பந்தம் செல்லாது, கன்டோன் கொடுத்த பாதியும் திரும்பப் போகும்.

"ஆர் செய்யப் போறது?" ஃப்ராவ் மோசர் ஊன்றுகோலைப் பார்த்தார். நரியார் ஓடையைப் பார்த்தார்.

அப்பா என்னிடம்: "நான் செய்து தாறன் எண்டு சொல்லு. நாங்கள் செய்த பிழை. போறதுக்கு முன்னம் முடிச்சுத் தாறன் எண்டு சொல்லு."

போவதற்கு முன்னம்.

மிகத் தெளிவான ஜெர்மனில், பள்ளிக்கூட ஜெர்மனில், ஃப்ராவ் மோசரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"அப்பா எல்லாத்தையும் திரும்பக் கட்டித் தருவாராம். இந்த வருடம் மட்டும் இல்லை, பத்து வருடமும் பாத்துக்கொள்ளுவாராம். ஆனால் ஹெர் ஃபுக்ஸ் எங்களை மாசக் கடைசியில வெளியில போகச் சொல்லிப்போட்டார். விடுதியிலயிருந்து வந்து செய்யேலாதாம்."

ஃப்ராவ் மோசர் நரியாரைத் திரும்பிப் பார்த்தார். "வெளியில போகச் சொன்னீங்களோ?"

நரியாரின் கழுத்து சிவந்தது. காது சிவந்தது. ஊன்றுகோலால் மண்ணைக் குத்தினார். கடைசியில் என்னிடம்தான் சொன்னார், அப்பாவிடம் இல்லை: "பிஸ் ஆஃப் வைட்டரஸ்."

மறு அறிவித்தல் வரும்வரை இருக்கலாமாம்.

வெற்றி என்று எழுத வந்தேன். எழுதமாட்டேன். கீரிக்குப் பத்து வருடம், எங்களுக்கு மறு அறிவித்தல். அதுவும் அப்பா கீரிக்கு வீடு கட்டுவார் என்பதால்.

இரவு அப்பா சாப்பிடும்போது நிமிராமல்: "நான் அப்பிடிச் சொல்லேல்லை."

அவருக்கு ஜெர்மன் விளங்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நடக்கேலாத மனுசனை நெருக்கி இடம் பிடிச்சிருக்கிறாய். என்ர பேரில."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனார். நான் கேட்காமலே அம்மா எனக்கு இன்னொரு தோசை போட்டா.

ஏப்ரல் 10, ஞாயிறு

அப்பா இன்னும் என்னோடு கதைக்கவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் அம்மா வழியாக.

கொப்புக்குவியல் நேற்றே முடிந்தது. கற்குவியல்தான் பெரிய கரைச்சல். கல்லுக்குக் கல் இடைவெளி வேண்டும், கீரி நுழைய. அப்பாவுக்கு ஒழுங்கில்லாமல் அடுக்கத் தெரியாது. அவர் கட்டியது மதில். மூலைமட்டம் பார்த்தது மாதிரி. எறும்புகூடப் போகாது.

நரியார் ஊன்றுகோலோடு வந்தார். பார்த்தார். தலையாட்டினார், இல்லை என்று. ஊன்றுகோலின் நுனியால் மேல் கல்லைத் தட்டி விழுத்தினார். அப்பா அதை எடுத்துத் திரும்ப ஒழுங்காக வைத்தார். அவர் திரும்பத் தட்டினார். இவர் திரும்ப வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்திருப்பேன், கோபம் இல்லாவிட்டால். கடைசியில் நரியார் குனியமுடியாமல் குனிந்து, ஒரு கல்லைக் கோணலாக வைத்துக் காட்டினார். அப்பா அடுத்ததைக் கோணலாக வைத்தார். முகத்தைப் பார்க்க வேண்டும், வேப்பெண்ணெய் குடித்த மாதிரி.

நான் உதவிக்குப் போகவில்லை. எனக்கு வேறு வேலை. பழப்பெட்டிப் பலகை, கறுப்புப் பெயின்ற், ஜெர்மனில், பெரிய எழுத்தில்:

குடும்பம் ஹெர்மெலின்
வதிவிட அனுமதி: பத்து வருடம்
நேர்முகம் தேவையில்லை

இருட்டினதும் கற்குவியலுக்குப் பக்கத்தில் நட்டேன். இது பகிடி என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும்.

ஏப்ரல் 11, திங்கள்

காலை யன்னலால் பார்த்தேன். நரியார் பலகைக்கு முன்னால். வாசித்துவிட்டார், ஆனால் போகவில்லை. தூறல் தொடங்கியும் போகவில்லை. நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, "கத்து, கத்து" என்று முணுமுணுத்தேன். கத்தினால் திரும்பக் கத்த ஜெர்மன் வசனங்கள் தயார், வினைச்சொல் எல்லாம் கடைசியில், சரியான இடத்தில்.

கத்தவில்லை. பலகையைப் பிடுங்கவும் இல்லை. ஒரு ஊன்றுகோலைத் தூக்கிப் பலகையின் தலையில் மெதுவாக இரண்டு தட்டு. சரிந்து நின்றது நேராகியது. உள்ளே போய்விட்டார்.

அப்பாவும் வேலைக்குப் போகும்போது அதைப் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்து எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. என் யன்னலை நிமிர்ந்து பார்த்தார். கை காட்டவில்லை. ஆனால் பார்த்தார்.

ஏப்ரல் 13, புதன்

வருடப்பிறப்பு. வெயில். அம்மா வாசல் கழுவினா. ஓடைப்பக்கம் விளக்குமாறு போகக் கூடாது என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டா. கட்டைகளில் சிவப்பாகச் சின்னச் சின்ன மொட்டு.

அப்பா கைவிசேடக் காசு தந்தார். "இந்தா" என்றார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் சொல். இனி என் வாய்ப்பேச்சு எனக்காக மட்டும், அவருக்காக மொழிபெயர்க்கும்போது அவர் சொன்னதை மட்டும் சொல்லுவேன் என்றேன். "பாப்பம்" என்றார். நம்பவில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை.

பிறகு தபால் எடுக்கப் போனேன்.

பெட்டியில் புதுப் பெயர்த்தகடு. உலோகம், எழுத்து வெட்டினது, இரண்டு பக்கமும் ஆணி முறுக்கி இறுக்கினது. நகத்தால் சுரண்ட முடியாது. சுரண்டிப் பார்த்தேன்.

KANAGASABA.

அவ்வளவுதான். தகடு முடிந்துவிட்டது. மிச்சப் பெயரைக் காணவில்லை. நரியார் ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாமே? மேலே ஏறி, கதவைத் தட்டி, எப்படி எழுதுவது என்று? அவருக்கு அதுவும் வராது. கோபம் வந்தது. சந்தோசமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் இன்னும் கோபம்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் எழுத்து எழுத்தாகத் தடவினார். முகத்தில் ஒன்றும் இல்லை. "பரவாயில்லை, பிள்ளை" என்றார். "தபால்காரனுக்கு விளங்கும்."

பரவாயில்லை இல்லை.

மேலே ஓடிப்போய்ப் பள்ளிக்கூடப் பையிலிருந்து பிழை அழிக்கும் வெள்ளை மையை எடுத்து வந்தேன். தகட்டின் விளிம்பிலிருந்து தொடங்கினேன். P. A. T. நரியார் கீழ் யன்னலில் நின்று பார்க்கிறார். பார்க்கட்டும். H எழுதும்போது பெட்டியின் முன்பக்கம் முடிந்துவிட்டது. மூலை திரும்பி, Y பக்கவாட்டில்.